பதினோராம் நம்பர் வீட்டில் மட்டும் மூட்டைப்பூச்சி இல்லை

முதலில் வந்தது எறும்பு. இரண்டாவது கரப்பான். மூன்றாவது எலி. நான்காவது கரையான். ஐந்தாவதுதான் இந்த மூட்டைப்பூச்சி. வரிசை மாறாமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. அநியாயத்தை வரிசையாகச் சொல்லத் தெரியாதவன் மனு எழுதக் கூடாது. மில் வாசலில் முப்பது வருஷம் நோட்டீஸ் எழுதியவன் சொல்கிறேன்.

உட்காருங்கள். கட்டிலில் வேண்டாம், அந்த ஸ்டூலில். பம்பை ஓரமாக வையுங்கள். மருந்து அப்புறம் அடிக்கலாம். நாலு மணிக்குத் தண்ணீர்த் தொட்டியடியில் காலனிக் கூட்டம். அதற்குள் நீங்கள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். என்ன காகிதம் என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. பதினோராம் நம்பரைப் பார்த்துவிட்டுத்தானே இங்கே வருகிறீர்கள்? அங்கே உங்களுக்கு ஏதாவது குடிக்கக் கொடுத்தானா? மோரா? குடித்தீர்களா? சரி, பரவாயில்லை. நீங்கள் வெளியூர். உங்களுக்குத் தெரியாது.

அவன் பெயர் மருதாசலம். எனக்கும் அவனுக்கும் நடுவில் இந்த ஒரே சுவர். இந்த இருபத்துநாலு வீடும் மில் தொழிலாளிகளுக்குக் கட்டியது. மில் மூடிப் பதினெட்டு வருஷம் ஆகிறது, வீடுகள் எங்களுக்கு மிஞ்சின. தொண்ணூற்றொன்றில் அறுபத்தெட்டு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. நாற்பத்து மூன்றாவது நாள் காலையில் பின் கேட் வழியாக வேலைக்குப் போனவன் இவன். குழந்தைக்குக் காய்ச்சலாம். யார் வீட்டுக் குழந்தைக்குத்தான் அப்போது காய்ச்சல் இல்லை? என் மகன் அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தை விட்டான். நான் போனேனா?

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. துரோகம் செய்தவனின் பெயரை எல்லோர் முன்னாலும் வாசிப்போம். ஐந்து சாட்சிகள் நிற்க வேண்டும். பெயர் வாசிக்கப்பட்டவன் வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அவன் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போக மாட்டார்கள். அந்த விதியை எழுதியவன் நான். அன்றைக்கு மருதாசலத்தின் பெயரை வாசித்தவனும் நான்தான்.

இப்போது காலனி மறந்துவிட்டது. போன வருஷத்திலிருந்து ஒவ்வொருவராக அவனோடு பேசுகிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை அவன் பேத்திக்கு நிச்சயம். பொள்ளாச்சிப் பக்கமிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். காலனியே திரண்டு போகிறதாம். போகட்டும், பார்க்கிறேன். இன்று நாலு மணிக்கு அவன் பெயரை மறுபடி வாசிக்கப் போகிறேன். வாசித்த பிறகு அந்த வாசலை எவன் மிதிக்கிறான் என்று பார்க்கிறேன்.

பேத்தி என்ன பாவம் செய்தாள் என்று முகத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். வரிசையைக் கேளுங்கள்.

எறும்பு. வேலைநிறுத்தம் முடிந்த அடுத்த தை. பிள்ளையார் எறும்பு என்றால் விட்டிருப்பேன். இது கடிக்கிற சிவப்பு எறும்பு. என் வெல்ல டப்பாவில் ஆரம்பித்து, அடுப்பு மேடையைக் கடந்து, சுவரோரமாகப் போய், இதோ இந்த இடத்தில் சுவருக்குள் நுழைந்தது. பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே பின்தொடர்ந்தேன். கோடு இன்னும் இருக்கிறது பாருங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் யார்? ஏழாம் நம்பர் நாகமணி அன்றைக்கு என்ன சொன்னாள் தெரியுமா? "வெல்ல டப்பாவுக்கு மூடி போடுங்க தோழரே, எறும்புக்கு எதுக்குங்க அரசியல்?" என்றாள். அப்போது அவள் புதுப்பெண். விவரம் போதாது.

கரப்பான். அதற்கு நாலு வருஷம் கழித்து. பெரிய சாக்கடைக் கரப்பான் இல்லை. சின்னது, வெளிறிய பழுப்பு, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு. சுகாதாரத் துறை நோட்டீஸில் படம் போட்டிருந்தான், ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்த ஜாதி சாக்கடையிலிருந்து வராதாம். வெளியிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் வருமாம். அச்சில் இருக்கிறது! யாராவது கொண்டுவந்தால்தான்! அந்த மாதம் பூராவும் நான் வீட்டில்தான் இருந்தேன். அச்சகத்திலிருந்து நோட்டீஸ் கட்டுகளை ஆறு அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து இறக்குவதற்கு ஒரு நாள் வெளியே போனேன், அவ்வளவுதான். போரிக் பவுடரைக் கோதுமை மாவிலும் சர்க்கரையிலும் பிசைந்து உருட்டி, மூலைக்கு ஒன்றாக வைத்து ஒழித்தேன். ஒழித்தது நான். கொண்டுவந்தது யார்?

எலி. மில் மூடிய வருஷம். அவன் கோழி வளர்க்க ஆரம்பித்தான். கோழித் தீனிக்கு எலி வந்தது. இதை அவனே ஒப்புக்கொண்டான். "ஆமாப்பா, என்னாலதான்" என்று பொறியை அவனே வாங்கி வந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போனான். நான் தொடவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் வேறு எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம்.

கரையான். இதுதான் நெஞ்சைத் தின்றது. சங்கத்தின் பழைய பதிவேடுகளை எல்லாம் தரையில் சுவரோரமாக அடுக்கி வைத்திருந்தேன். ஒரு நாள் எடுத்தால் மேல் அட்டை இருக்கிறது, உள்ளே மண். அவன் பெயர் எழுதிய பக்கம் போய்விட்டது. மற்ற பக்கங்களைத் தின்னவில்லையா என்று கேட்பீர்கள். தின்றது. எல்லாவற்றையும் தின்றது. ஆனால் அந்தப் பக்கத்தையும் தின்றதா இல்லையா? எழுத்து போனால் என்ன, எனக்கு மனப்பாடம்.

இப்போது ஐந்தாவது.

நன்றாகப் பாருங்கள். கட்டில் சட்டத்தின் இடுக்கில், மெத்தைத் தையலில். பேனா முனையால் குத்தியது மாதிரி கறுப்புப் புள்ளி. அது அதன் கழிவு. தவிட்டுக் குருணை மாதிரி வெள்ளையாக ஒட்டியிருப்பது முட்டை. பெரியது எள்ளை விடப் பெரிது, துவரம்பருப்பை விடச் சிறிது, தட்டை. நசுக்கினால் வருகிற நாற்றத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தீப்பெட்டிகளில் வீட்டுக்கு ஒன்றாகப் பிடித்து, தேதி எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் தாக்குதல் என் வீட்டின்மேல்தான். வைகாசி. ஆச்சரியம் இல்லை, தலைவனைத்தான் முதலில் அடிப்பார்கள். சித்திரையில் சேலம் மாநாட்டுக்குப் போய் மூன்று நாள் கல்யாண மண்டபத்தில் தங்கிவிட்டு வந்தேன். வீடு பூட்டிக் கிடந்தது. அந்த மூன்று நாளில்தான் அவன் வேலையைக் காட்டியிருக்க வேண்டும்.

அடுத்தது ஆடியில் மூன்றாம் நம்பர். காளியம்மாள் வீடு. அதற்கு முந்தைய மாதம்தான் அவள் புருஷன் இறந்தான். நான்தான் முன்னால் நின்று எல்லாம் செய்தேன். துக்கத்துக்கு வந்தவர்கள் பதினாறு நாளும் நம் ஜமுக்காளத்தில்தான் உட்கார்ந்தார்கள். இழவு வீடு என்றுகூடப் பார்க்காமல் பூச்சியை விட்டிருக்கிறான் பாவி.

அடுத்தது ஆவணியில் நாகமணி வீடு. மருமகளுக்கு வளைகாப்பு நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணைக் கடித்திருக்கிறது. அடுத்தது, பத்தொன்பதாம் நம்பர் பீட்டர். மில்லில் வாட்ச்மேனாக இருந்தவர். அவர் வீட்டில் பிரார்த்தனைக் கூட்டம் என்று ஜமுக்காளம் கேட்டார். எனக்குப் பிரார்த்தனையில் நம்பிக்கை இல்லை, ஆனால் சங்கத்துக்காரன் கேட்டால் கொடுக்க வேண்டியது. புரட்டாசியில் அவர் வீட்டிலும் பூச்சி. கடைசியாக, இருபத்திரண்டாம் நம்பர். பெண்ணுக்குச் சீர் வைத்தார்கள், ஐப்பசி. கார்த்திகையில் பூச்சி. எதைக் கவனித்தீர்கள்? காலனியில் எந்த வீட்டில் நாலு பேர் கூடினாலும் அவனுக்குப் பொறுக்கவில்லை. கூடின வீடாகப் பார்த்துத்தான் விடுகிறான். அவனைக் கூப்பிடாமல் கூடுகிறார்கள் அல்லவா, அந்த வயிற்றெரிச்சல்.

இப்போது முக்கியமான சாட்சியம். இத்தனை வீட்டில் பூச்சி. என் சுவருக்கு அந்தப் பக்கம், ஒட்டினாற்போல இருக்கிற பதினோராம் நம்பரில்? நீங்களே பார்த்துவிட்டு வந்தீர்கள். ஒன்று கிடைத்ததா? ஒரு முட்டை? கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? விடுகிறவன் வீட்டில் எதற்கு இருக்கும்? திருடன் தன் வீட்டில் திருடுவானா? இந்தாருங்கள், அவன் பெயர் எழுதிய காகிதம்; பதினோராம் நம்பரில் பூச்சி இல்லை என்று நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியது இதில்தான்.

அது மட்டும் இல்லை. போன வெள்ளிக்கிழமை அவன் கட்டிலை வெயிலில் போட்டு, காலுக்குக் கால் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். பூச்சியே இல்லாத வீட்டுக் கட்டிலுக்கு வெந்நீர் எதற்கு?

"என்னடா ஊத்தறே?" என்று கேட்டேன். முப்பத்து நாலு வருஷத்தில் நானாக அவனிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"சுடுதண்ணி."

"எதுக்கு?"

"உன்ற வீட்ல இருக்குதல்ல. சுவரேறி வந்துட்டா? ஞாயித்துக்கெழமை நாலு சனம் வருது."

பார்த்தீர்களா? என் வீட்டில் இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நாகமணியிடம் இதைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "உங்க வீட்ல இருக்கறது ஊருக்கே தெரியுமுங்க தோழரே. தொட்டியடியில நின்னு முதுகைச் சொறிஞ்சுட்டே ஒலகப் பொருளாதாரம் பேசறது நீங்கதானே?" என்கிறாள். வாய் அப்படி. ஆனால் நல்ல பெண்.

ஏன் பரணையே பார்க்கிறீர்கள்? டார்ச்சைக் கீழே அடியுங்கள். சுவரைப் பாருங்கள், இந்த விரிசலை.

அந்தப் பெட்டியா? அதில் ஒன்றும் இல்லை. சங்கத்து ஜமுக்காளம். பவானியில் தறி போட்டு நெய்தது, இருபதடி. ஆமாம், எல்லா வீட்டுக்கும் போகிறது அதுதான். சங்க அலுவலகத்தைக் காலி செய்தபோது மற்ற எல்லாவற்றையும் எவன் எவனோ எடுத்துக்கொண்டு போனான். இதை மட்டும் நான் விடவில்லை. எத்தனை பேர் இதில் உட்கார்ந்து சபதம் எடுத்திருக்கிறார்கள் தெரியுமா? காலனியில் பிறப்பு இறப்பு எதற்கும் இதைத்தான் விரிப்பார்கள். சேலத்துக்கும் இதைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் போனேன். மாநாட்டில் மற்ற ஊர்த் தோழர்கள் வெறுந்தரையில் படுத்தார்கள், எங்கள் ஆட்கள் ஜமுக்காளத்தில் படுத்தார்கள்.

சாவி என் அரைஞாணில் இருக்கிறது. முப்பத்து நாலு வருஷமாக வேறொரு கை அந்தப் பூட்டைத் தொட்டதில்லை. கொடுக்கிறதும் நானே, வாங்குகிறதும் நானே, சுருட்டுகிறதும் நானே. வெயிலில் போட மாட்டேன், சாயம் போய்விடும். நிழலிலேயே தட்டி, இறுக்கிச் சுருட்டி வைத்துவிடுவேன்.

பதினோராம் நம்பருக்கா? போனதே இல்லை. கேட்டான், ஒரு தடவை. மூன்று வருஷத்துக்கு முந்தைய மார்கழி, விடிகிற நேரம். கதவைத் தட்டினான். திறந்தேன். குல்லாய், துண்டு எதுவும் இல்லாமல் பனியில் நின்றான்.

"அர்த்தநாரி, வள்ளியாத்தா போயிட்டா" என்றான். அவன் சம்சாரம். "வர்ற சனம் உக்கார விரிக்க ஒண்ணுமில்ல. ஜமுக்காளத்தைக் குடு. நாளைக்குக் கொண்டாந்து தந்தர்றேன்."

"அது சங்கத்துக்காரனுக்கு" என்றேன்.

நின்றான். திட்டுவான் என்று பார்த்தேன், திட்டவில்லை. "செரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு வந்தவர்கள் உரச் சாக்கைக் கிழித்துப் போட்டு உட்கார்ந்தார்கள். நாகமணி இரண்டு கோரைப்பாயை முந்தானையில் மறைத்துக்கொண்டு போனாள், நான் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன். நான் போகவில்லை. என் வாசலில் நின்றேன். தூக்கிக்கொண்டு போகிறவரைக்கும் நின்றுகொண்டுதான் இருந்தேன், உட்காரவில்லை. வள்ளியாத்தாள் வேலைநிறுத்தத்தில் எங்களோடு வாசலில் உட்கார்ந்தவள். அது வேறு. விதி வேறு.

எதற்கு எழுந்திருக்கிறீர்கள்? பூட்டைத் திறப்பதா? எதற்கு?

தம்பி, உண்மையைச் சொல்லுங்கள், உங்களை அனுப்பியது யார்? காலனி கூப்பிட்டது, சரி. மோர் கொடுத்தவன் ஏதாவது சொல்லி அனுப்பினானா? இல்லையா? உங்களுக்கே தோன்றியதா? பாருங்கள், நன்றாகப் பாருங்கள். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் இங்கே வேண்டாம். நாலு பேர் பார்க்க வெளியே முற்றத்தில் விரிப்போம். நான் எதையும் பூட்டிவைத்துப் பேசுகிறவன் இல்லை. அந்த முனையைப் பிடியுங்கள். கனமாக இருக்கும். மெதுவாக, வாசற்படி.

நாகமணி, நல்ல நேரத்தில் வந்தாய். கூட்டத்துக்கு விரிக்க எடுத்துப் போகத்தானே வந்தாய்? பொறு. இந்தத் தம்பிக்கு ஜமுக்காளத்தின்மேல் சந்தேகமாம். பீட்டர், நீங்களும் பாருங்கள். காளியம்மா, வா. இருபத்திரண்டாம் நம்பர் எங்கே, கூப்பிடு. எல்லோரும் பார்க்கட்டும். வெயில் நேராக விழுகிற இடத்தில் போடுங்கள். சாயம் போனால் போகட்டும். உருட்டி விடுங்கள்.

என்ன அது?

தம்பி, அது நூல் பிசிறு. கறுப்பு நூல். நகர்கிறதா? எங்கே, கண்ணாடியைக் கொடு. இன்னும் உருட்டுங்கள். மடிப்புக்குள்ளே. இந்த ஓரத் தையலில்.

இத்தனையா?

யாரும் பேசாதீர்கள். கொஞ்சம் யோசிக்க விடுங்கள். இவன்தான். இந்த மருதாசலம்தான் உள்ளே விட்டிருக்க வேண்டும். எப்படி என்று கேட்காதே பீட்டர். பூட்டை உடைத்து... பூட்டு உடையவில்லை. சாவி... சாவி இங்கே இருக்கிறது. சேலத்தில் இருந்தபோது... சேலத்துக்கு இதுவும் என்னோடுதான் வந்தது. மண்டபத்தில் மூன்று நாள் கீழே கிடந்தது.

நாகமணி, என்ன விரல் விட்டு எண்ணுகிறாய்? சத்தமாகச் சொல். "மூணாம் நம்பர் சாவு, ஏழாம் நம்பர் வளைகாப்பு, பத்தொம்போது பிரார்த்தனை, இருபத்திரெண்டு சீரு" என்றா? நீ சொல்ல வேண்டாம். அந்த வரிசை நான் எழுதியது. தீப்பெட்டியில் என் கையெழுத்தில் இருக்கிறது. போகாத வீடு எது என்றும் எனக்குத் தெரியும். நீ வாயைத் திறக்காதே. காளியம்மா, நீ எதற்கு அழுகிறாய்? உன் வீட்டுக்கு நான்தான் கொண்டுவந்து விரித்தேன், எனக்குத் தெரியும், தெரியும்.

சுருட்டாதே பீட்டர். கருணை காட்டாதீர்கள். கூட்டம் நாலு மணிக்கு. மணி என்ன? பத்து நிமிஷம் இருக்கிறதா? தொட்டியடிக்குப் போக வேண்டாம், இங்கேயே நடக்கட்டும். காலனி பாதி இங்கேதான் நிற்கிறது.

யார் அது பேசுவது?

மருதாசலம். உன் வாசலிலேயே நில். உள்ளே வராதே. என்ன சொல்கிறாய்? "வேண்டாம் அர்த்தநாரி, பேரெல்லாம் எதுக்கு, வெயில்ல போட்டாத் தீந்துது" என்றா? எனக்காக நீ பேசுகிறாயா? நீ எனக்கு விட்டுக்கொடுக்கிறாயா? நாற்பத்து மூன்றாவது நாள் பின் கேட்டில் நுழைந்தவன் பார்த்து மன்னித்து நான் தலையாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டுமா? அதற்கு இந்தப் பூச்சி என்னை முழுசாகத் தின்னட்டும். நீ வேண்டாம் என்று சொன்ன ஒன்றுக்காகவே நான் வாசிப்பேன். கேட்டுக்கொள், உன்மேல் வாசித்தது வாசித்ததுதான். அது ரத்தாகாது. இது தனி.

தம்பி, அந்தக் காகிதத்தைக் கொடுங்கள். பெயரை அடித்துவிட்டு வேறு எழுத வேண்டும். பேனா. பலகை வேண்டாம், முழங்காலில் வைத்தே எழுதிவிடுவேன்.

சாட்சி ஐந்து வேண்டும். காளியம்மாள், ஒன்று. நாகமணி, இரண்டு. பீட்டர், மூன்று. இருபத்திரண்டாம் நம்பர் வந்துவிட்டாயா, நாலு. தம்பி, நீங்கள் காலனிக்காரர் இல்லை, உங்களை எழுத முடியாது. வேறு வீடு யார் இருக்கிறீர்கள்? மற்றவர்கள் எல்லாம் தொட்டியடியில் காத்திருக்கிறார்களா? கூப்பிட ஆள் அனுப்ப நேரம் இல்லை.

மருதாசலம். நீ எல்லாம் பார்த்தாய் அல்லவா? ஆரம்பத்திலிருந்து நின்று பார்த்தாய். பார்த்தவன் சாட்சி. பெயர் வாசிக்கப்பட்டவன் சாட்சி நிற்கக் கூடாது என்று விதியில் இல்லை. எழுதியவன் நான், எனக்குத் தெரியும், எழுதாமல் விட்டிருக்கிறேன். இறங்கி வா. இன்னும் கிட்ட வா. ஜமுக்காளத்தை மிதிக்காதே, பூச்சி ஏறும். சுற்றி வா. அங்கே நில், நாகமணி பக்கத்தில்.

எல்லோரும் கேளுங்கள். ஒரு தடவைதான் வாசிப்பேன்.

மில் காலனிக் கூட்டம், தை மாதம் பதினொன்றாம் தேதி, மாலை நாலு மணி. சாட்சிகள்: மூன்றாம் நம்பர் காளியம்மாள், ஏழாம் நம்பர் நாகமணி, பத்தொன்பதாம் நம்பர் பீட்டர், இருபத்திரண்டாம் நம்பர் சுப்பாத்தாள், பதினோராம் நம்பர் மருதாசலம். சேலத்திலிருந்து மூட்டைப்பூச்சியைச் சுமந்து வந்து, தன் கையாலேயே நாலு வீட்டில் விரித்து, பழியை ஐந்தாவது வீட்டின்மேல் போட்டவனின் பெயர் வாசிக்கப்படுகிறது. வீட்டு நம்பர் பன்னிரண்டு. நூற்புப் பிரிவு, மூன்றாவது ஷிப்டு. தகப்பன் பெயர் நாச்சிமுத்து. பெயர், அர்த்தநாரி.